திருப்பி அனுப்பியவர்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை ஏழரை மணி இருக்கும். ஆலயத்துக்குப் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த புதிய கூடத்தின் சுவருக்கு ஆயர் புகழேந்தி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். கொத்தனார் வராத நாட்களில் அந்த வேலையை அவரே பார்ப்பார். கேட்டுக்கு வெளியே ஒருவன் நிற்பதைப் பார்த்தும் முதலில் பொருட்படுத்தவில்லை. கிரிவலம் முடித்தவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டு இப்படி வந்து நிற்பது வழக்கம்தான். ஆனால் இவன் வழி கேட்கவில்லை. காலில் செருப்பில்லை. சட்டையின் தோளில் தவிடு அப்பியிருந்தது.

"இன்னாப்பா வேணும்?"

"நீங்கதான் சொன்னீங்க ஐயா, கோயில் கதவு எல்லாருக்கும் தொறந்திருக்கும்னு. கிறிஸ்மஸுக்கு மில்லுக்கு வந்தப்போ சொன்னீங்க."

புகழேந்திக்கு நினைவு வந்தது. போளூர் சாலையில் ராஜேந்திரனுக்கு ஓர் அரிசி மில் இருந்தது. சபையின் பொருளாளர் அவர்தான். ஒவ்வொரு டிசம்பரும் அங்கே தொழிலாளர்களுக்கு ஜெபக்கூட்டம் நடத்தி ஆளுக்கொரு புடவை, வேட்டி, கேக் துண்டு கொடுப்பார்கள். நெல் காயும் களத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த முகங்களில் இவனுடையதும் ஒன்றாக இருந்திருக்கும்.

அவன் பெயர் காசி. இருளர் குடும்பம். மனைவி கன்னியம்மாள், ஏழு வயது மகள் இனியா. மூன்று வருடத்துக்கு முன்பு ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய முன்பணத்துக்காக மூவரும் மில்லுக்குள் வந்தவர்கள். நெல் அவிப்பது, களத்தில் கொட்டிக் காலால் கிளறிக் காயவைப்பது, மூட்டை பிடிப்பது. ஒருத்தர் வெளியே போனால் மற்ற இருவரும் உள்ளே இருக்க வேண்டும். காசியின் அம்மா செத்தபோது அவனை மட்டும் ஒரு பகல் விட்டார்கள். பால் தெளிக்கும் நாளுக்கு அவனால் இருக்க முடியவில்லை. போன மாதம் குழந்தைக்குப் பத்து நாள் காய்ச்சல். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறேன் என்று கேட்டதற்கு மேஸ்திரி மெஷின் பெல்ட்டால் அடித்தான். நேற்று கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலையைத் திருப்பிவிட்டதால் லாரி தாமதமாக வந்தபோது கேட் திறந்தே கிடந்தது. வெளியே வந்தவன் கூட்டத்தோடு கலந்தான். மலையை இரண்டு முறை சுற்றினான். நடந்துகொண்டிருக்கும்வரை யாரும் யார் என்று கேட்க மாட்டார்கள் என்பதால்.

"பொண்டாட்டியும் கொயந்தையும் உள்ள கீறாங்க ஐயா. அவங்கள வெளிய கொண்டாந்து குடுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

ஆயரின் மனைவி வினோதினி அவனுக்கு இட்லி வைத்துவிட்டுக் கணவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். அவள் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. மில் இருக்கும் சாலையில்தான் அவளுடைய பள்ளி.

"இது கொத்தடிமைங்க. வேற பேரே கிடையாது. வேங்கிக்கால்ல கோட்டாட்சியர்கிட்ட ஒரு மனு குடுத்தா இன்னிக்கே போய் மூணு பேரையும் கூட்டிட்டு வந்துடுவாங்க. வண்டிய எடுங்க, நானும் லீவு போடறேன்."

"அவசரப்படாத வினோ. ராஜேந்திரன் யாரு? நம்ம ஆளு. கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசினா கேப்பாரு."

"பேசினா கேக்கறவரு எதுக்குங்க கேட்டைப் பூட்டி வைக்கறாரு?"

தயங்குவதற்கு அவரிடம் காரணங்கள் இருந்தன. புதிய கூடத்தின் பாதிச் செலவு ராஜேந்திரனுடையது. பிரதிஷ்டைக்கு இன்னும் ஆறு வாரம். கோயில் நகரத்தில் நூற்று நாற்பது குடும்பங்கள் கொண்ட சிறிய சபை. அதன் பொருளாளரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போவது படத்தோடு செய்தியில் வந்தால் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது? ஆனால் இவற்றையெல்லாம்விடப் பெரிதாக ஒன்றை அவர் மனதார நம்பினார். வேதத்தில் ஓர் இடம் உண்டு. எஜமானிடமிருந்து தப்பி வந்த அடிமை ஒருவனை அப்போஸ்தலன் ஒரு கடிதத்தோடு அதே எஜமானிடம் திருப்பி அனுப்புகிறார். இனி இவனை அடிமையாக அல்ல, உடன்பிறந்தவனாக ஏற்றுக்கொள் என்று கேட்கிறார். இறையியல் கல்லூரியில் படித்தபோது புகழேந்தி அதைப் பற்றித்தான் ஆய்வுக்கட்டுரை எழுதினார். வாள் இல்லாமல், வழக்கு இல்லாமல், அன்பு உள்ளிருந்தே அடிமைத்தனத்தை உடைத்துவிடும் என்று முப்பது பக்கம். வகுப்பில் அதுதான் முதல் மதிப்பெண் வாங்கியது.

அன்று காலை மேசையில் உட்கார்ந்து ராஜேந்திரனுக்கு இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை எழுதினார். எழுதி முடித்ததும் காசிக்கு வாசித்துக் காட்டினார். காசி கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"நான் திரும்பிப் போவணுமா ஐயா?"

"நானும் கூட வர்றேன்பா."

"நீங்க வருவீங்க. வந்துட்டுத் திரும்பிடுவீங்க."

"அவரு விசுவாசி, காசி. என் பேச்சைத் தட்ட மாட்டாரு. உன் பொண்டாட்டி பிள்ளைய நீ முறையா, தலை நிமிந்து கூட்டிட்டு வரலாம். ஓடிப் போனவனா வேணாம்."

காசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அதையே சம்மதம் என்று ஆயர் எடுத்துக்கொண்டார்.

வினோதினி வாசலில் நின்றாள். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவளையே பார்த்துக்கொண்டு போனான். அவள் நினைத்திருந்தால் தனியாகவே வேங்கிக்காலுக்குப் போயிருக்கலாம். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

மில்லில் எல்லாம் புகழேந்தி எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தது. ராஜேந்திரன் கடிதத்தை நின்றபடி படித்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேஸ்திரியை எல்லோர் முன்பும் திட்டினார். காசியைக் கட்டிப்பிடித்து, தன் அறையில் தனக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, தான் குடிக்கும் டம்ளரிலேயே டீ கொடுத்தார்.

"எனக்குத் தெரியாம நடந்துபோச்சு ஐயா. இனிமே கேட்டைப் பூட்ட மாட்டோம். வாரா வாரம் கூலி கைக்கு வந்துடும். பாப்பா நம்ம டீச்சர் பள்ளிக்கூடத்துக்கே போகட்டும். இவங்க எப்ப போகணும்னாலும் போகலாம்."

காசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை. வெளியே களத்தில் கன்னியம்மாள் நெல் தள்ளும் பலகையைப் பிடித்தபடி நின்று, திரும்பி வந்த புருஷனைப் பார்த்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று ஆயர் நினைத்தார். ராஜேந்திரனையும் காசியின் குடும்பத்தையும் சேர்த்து நிறுத்தி ஜெபித்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த ஞாயிறு அப்போஸ்தலனின் அந்தக் கடிதத்தைப் பற்றியே பிரசங்கம் செய்தார். பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் முன்வரிசையில் ராஜேந்திரன் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சபை பார்த்தது. ஆராதனை முடிந்து பல பேர் ஆயரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இத்தனை வருட ஊழியத்தில் அப்படி ஒரு பிரசங்கம் தனக்கு வாய்த்ததில்லை என்று அவருக்கே தோன்றியது.

இரண்டு வாரம் கழித்து ஒருநாள் சாப்பிடும்போது வினோதினி கேட்டாள்.

"அந்தப் பாப்பா பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லியே?"

ராஜேந்திரனுக்குப் போன் செய்தார். குலசாமி கும்பிட ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றார் அவர். மூன்று நாள் கழித்துக் கேட்டபோதும் அதையே சொன்னார். மறுநாள் பகல் பதினோரு மணிக்குப் புகழேந்தி சொல்லாமல் மில்லுக்குப் போனார். காசியின் அறையில் வேறு ஒரு குடும்பத்தின் துணிகள் தொங்கின. களத்தில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. வெள்ளையம்மாள் என்ற பெண் நெல்லைக் காலால் அளைந்துகொண்டே போனாள். அவர் கேட்டதற்குத் தலையைத் தூக்காமல் பதில் சொன்னாள்.

"நில்லாதீங்க, நடந்துகினே பேசுங்க. மேல கேமரா கீது."

அவர் அவளோடு நடந்தார். வெறும் காலோடு அவள் நடக்கும் சிமென்ட் தரை அவருடைய செருப்பைத் தாண்டிச் சுட்டது.

"நீங்க போன அன்னிக்கே லாரியில ஏத்திட்டாங்க. ஆந்திராவுல மரம் வெட்டுறதுக்கு. அதுக்கு முன்னாடி எங்க எல்லாரையும் இட்டாந்து நிறுத்தி, எதிர்லயே அடிச்சாங்க."

"யாரு? மேஸ்திரியா?"

"அடிச்சது மேஸ்திரி. உங்க கடுதாசியக் கையில வச்சிகினு ஓனரு ஒவ்வொரு வரியா படிச்சாரு. ஒரு வரிக்கு ஒரு அடி. முதுவு கிழிஞ்சி போச்சி. பொண்டாட்டிக்காரி கால்ல வுயுந்தா. வுடல."

"எங்கிட்ட வந்து யாராவது சொல்லியிருக்கலாமே அம்மா" என்று வாய்வரை வந்ததை விழுங்கினார். வெள்ளையம்மாள் களத்தின் கோடிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள்.

ராஜேந்திரன் அறையில்தான் இருந்தார். மறுக்கவில்லை.

"நான் அன்னிக்கு நடிக்கல ஐயா. நம்புங்க. உங்க கடிதத்தைப் படிச்சப்போ நெஜமாவே அழுதேன். நீங்க கேட்டைத் தாண்டிப் போனீங்க. பாக்கிப் பன்னண்டு குடும்பமும் என்னையே பாத்துகினு நிக்குது. இவனுக்கு நாற்காலி போட்டா அவங்களுக்கும் போடணும். இவனுக்குக் கேட்டைத் தொறந்தா எல்லாத்துக்கும் தொறக்கணும். அப்புறம் மில்ல யாரு ஓட்டறது? நீங்களா?"

"அவனை எங்க அனுப்பினீங்க?"

"சபைல மன்னிப்பு, அன்பு எல்லாம் பேசுங்க, தலை குனிஞ்சு கேக்கறேன். மில்லு வேற ஐயா. வேதத்துல எஜமானும் வேலைக்காரனும் இல்லியா? கீழ்ப்படியச் சொல்லி எழுதல? போன வருஷம் நீங்களே இந்தக் களத்துல நின்னு அதை வாசிச்சீங்களே."

வாசித்திருந்தார். ஜெபக்கூட்டத்துக்கு எந்தப் பகுதியை வாசிக்கலாம் என்று ராஜேந்திரனிடமே கேட்டு வாசித்திருந்தார்.

வீட்டுக்கு வந்து வினோதினியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் விடைத்தாள்களை மூடி வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள். கடைசியில் அவர் சொன்னார்:

"வேதத்துல இன்னொரு இடமும் இருக்கு வினோ. மோசேயோட சட்டத்துல. எஜமான்கிட்ட இருந்து தப்பி உன்கிட்ட வந்தவனை அவன்கிட்ட ஒப்புக்கொடுக்காத, அவனுக்குப் புடிச்ச எடத்துல உன்னோட இருக்கட்டும்னு நேரா கட்டளை போட்டிருக்கு. கதை கிடையாது, கடிதம் கிடையாது. கட்டளை."

"அது அன்னிக்குக் காலைல உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். எழுதும்போது ஞாபகத்துக்கு வந்துச்சு. அது பழைய ஏற்பாடுன்னு ஒதுக்கிட்டு எழுதினேன்."

அவள் ஆறுதல் சொல்லவில்லை. "நானும் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு போனவதான்" என்றாள்.

மறுநாள் காலை இருவரும் வேங்கிக்காலுக்குப் போனார்கள். கோட்டாட்சியர் இளவயதுப் பெண். மனுவைப் படித்துவிட்டு, காசி எந்தத் தேதியில் வந்தான் என்று கேட்டார். நாட்காட்டியைப் பார்த்தார்.

"பத்தொன்பது நாளா நீங்க எங்க சார் இருந்தீங்க?"

புகழேந்தி நடந்ததைச் சொன்னார். அவர் சொன்னதை அந்த அதிகாரி ஒரு வரி விடாமல் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். அன்று மதியமே மில்லுக்கு வண்டிகள் போயின. பன்னிரண்டு குடும்பங்கள் வெளியே வந்தன. ராஜேந்திரனையும் மேஸ்திரியையும் கைது செய்தார்கள். காசியின் குடும்பத்தை ஏற்றிப்போன லாரியின் டிரைவரைப் பிடிக்கவே ஒரு வாரம் ஆனது. அவன் இறக்கிவிட்ட இடத்தில் அவர்கள் இல்லை. கான்டிராக்டர் வேறு தோப்புக்கு மாற்றியிருந்தான். சித்தூர்ப் பக்கம் ஒரு தைலமரத் தோப்பில் கன்னியம்மாளையும் குழந்தையையும் கண்டுபிடித்தபோது இன்னும் பதினைந்து நாள் போயிருந்தது. காசி இறந்து ஒன்பது நாள். முதுகுக் காயம் சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டு, கடைசி இரண்டு நாள் ஆள் தெரியாமல் பேசினானாம். காயத்தோடும் மரம் வெட்டியிருக்கிறான். தோப்போரமாகவே புதைத்துவிட்டார்கள்.

தாயும் மகளும் அரசு விடுதி ஒன்றில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். புகழேந்தி அங்கே போனார். கன்னியம்மாள் வராந்தாவில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்திருக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

"நான் செஞ்சது பாவம்மா. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா இன்னா பண்ணுவீங்க?"

அவர் நின்றார்.

"வூட்டுக்குப் போவீங்க" என்றாள் கன்னியம்மாள். குரல் உயரவில்லை. "கோவத்துல சொல்லல ஐயா. உங்ககிட்ட வந்தவரு அவரு. உங்கள நம்பி வண்டில ஏறனதும் அவரு. அவரு சொல்ல வேண்டியத நான் எப்டி சொல்றது? கோர்ட்டுல கேட்டா உள்ளதச் சொல்லுங்க. உங்க பேரையும் சேத்துச் சொல்லுங்க. அது போதும்."

சரி என்றார். குழந்தை அவரை நிமிர்ந்து பார்த்தது. அவள் அதன் தலையைத் திருப்பிக் குனியவைத்து மறுபடி சீப்பை ஓட்டினாள்.

ராஜேந்திரன் ஜாமீனில் வந்த பிறகு வந்த முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனை. வழக்கமான இடத்தில், மனைவியோடு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் வரிசையாக வந்து பலிபீடத்துக்கு முன் முழங்கால் போட்டபோது அவரும் வந்து முழங்கால் போட்டுக் கையை நீட்டினார். புகழேந்தி அப்பத் தட்டோடு அவர் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பாடல் குழு தயங்கித் தயங்கிப் பாட்டை நிறுத்தியது.

"இதை உங்களுக்குக் குடுக்க என்னால முடியாது" என்றார். மைக் இல்லாமலேயே எல்லோருக்கும் கேட்டது. "இன்னிக்கு நானும் எடுத்துக்கல. காசின்னு ஒருத்தர் நம்ம கோயில் கேட்டுக்கு வந்து உதவி கேட்டாரு. அவரை அடிச்சவங்க மேல கேஸ் இருக்கு. அவரைக் கொண்டுபோய் அவங்க கையில குடுத்தவன் நான். ரெண்டு வசனமும் எனக்குத் தெரியும். எனக்கு வசதியா இருந்ததை எடுத்துகிட்டேன். போன மாசம் நான் பண்ண பிரசங்கத்துக்கு எல்லாரும் கை குடுத்தீங்க. அதை நான் திரும்ப எடுத்துக்கறேன்."

"கோர்ட்டே இன்னும் தீர்ப்பு சொல்லல, இவரு யாரு சொல்றதுக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். ராஜேந்திரனின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே நடந்தாள். ராஜேந்திரன் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டு எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அதில் பொய் இருப்பதாகப் புகழேந்திக்கு அன்றும் தோன்றவில்லை. பாதிச் சபை அவரோடு வெளியேறியது. மீதிப் பேரும் எழுந்து வரவில்லை. தட்டில் அப்பம் அப்படியே இருந்தது.

ஒரு மாதத்துக்குள் மாற்றல் உத்தரவு வந்தது. தூரத்தில், ஓட்டுக்கூரை போட்ட ஒரு கிராமத்துச் சபை. தள்ளிப்போன பிரதிஷ்டையை வேறு ஓர் ஆயர் நடத்தினார். கல்வெட்டில் ராஜேந்திரனின் பெயர் இருந்தது. வினோதினி வேலையை விடவில்லை. டவுனிலேயே ஒரு சின்ன வீடு பார்த்துத் தங்கினாள். வழக்கு நாட்களில் புகழேந்தி காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். பெரும்பாலும் வாய்தாதான். சாட்சி சொன்ன அன்று, எதிர்த்தரப்பு வக்கீல் அவரை ஒன்றரை மணி நேரம் நிறுத்தி, இறந்தவனை மில்லுக்குக் கொண்டுபோனது யார் என்று நான்கு விதமாகக் கேட்டார். நான்கு முறையும் அவர் ஒரே பதிலைச் சொன்னார். வழக்கு இன்னும் நடக்கிறது.

கன்னியம்மாளுக்கு அடி அண்ணாமலையில் சொந்தக்காரர்கள் பக்கத்தில் ஒரு குடிசை கிடைத்தது. இனியா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தாள். ஆனி மாதத்தில் ஒருநாள் கன்னியம்மாள் வினோதினிக்குப் போன் செய்தாள்.

"அவரு கீற எடத்தப் பாக்கணும் டீச்சர். எனக்கு வழி தெரியாது. உங்க வூட்டுக்காரரையும் வரச் சொல்லுங்க, தெலுங்கு தெரியும்னு சொன்னீங்களே."

வாடகைக் காரில் நால்வரும் போனார்கள். வழியிலேயே குழந்தை வினோதினியின் மடியில் தூங்கிப்போனது; அதைக் காரிலேயே படுக்கவைத்துவிட்டு மூவரும் இறங்கினார்கள். தோப்பு என்று சொல்ல அங்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. மரமெல்லாம் வெட்டி, வேரையும் பிடுங்கி, நிலத்தை உழுது வேர்க்கடலை போட்டிருந்தார்கள். மோட்டார்க் கொட்டகையில் இருந்த காவல்காரரிடம் புகழேந்தி தெலுங்கில் கேட்டார். தான் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, யாரையும் புதைத்ததாகத் தெரியாது என்றார் அவர். ஓரம் என்றால் அந்த வேலிப் பக்கமாக இருக்கும் என்று பொத்தாம்பொதுவாகக் கையை நீட்டினார்.

கன்னியம்மாள் வேலியோரமாக நடந்தாள். ஒரு இடத்தில் நின்றாள், தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். இன்னொரு இடத்தில் குனிந்து மண்ணைத் தொட்டாள். அன்றைக்கு ஒரு பெரிய கல்லை அடையாளமாக உருட்டி வைத்தாளாம். அந்தக் கல்லைக் காணவில்லை. மூன்று முறை கோடிவரை போய்த் திரும்பினாள். புகழேந்தி பின்னாலேயே போனார், ஒவ்வொரு புதராக விலக்கித் தேடினார். கை முழுக்க முள் கீறியது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

கடைசியில் அவள் ஒரு வேப்பங்கன்றுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்கன்னே வச்சிக்கலாம்" என்றாள்.

முடிச்சிலிருந்து சூடம் எடுத்து ஏற்றினாள். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி அணைந்தது. வினோதினி குனிந்து தன் முந்தானையை விரித்து மறைப்புப் பிடித்தாள். புகழேந்தி செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார். ஜெபம் செய்யட்டுமா என்று அவர் கேட்கவில்லை. அவளும் செய்யச் சொல்லவில்லை. சூடம் எரிந்து முடியும்வரை மூவரும் அசையாமல் இருந்தார்கள். பிறகு கன்னியம்மாள் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"பாப்பா எழுந்துடும். போலாம்" என்றாள்.